அடியாத மாடும் அஞ்சிய குதிரையும்

"அடியாத மாடு படியாது" என்பது நம் வீடுகளில் வேதவாக்காக வழங்கி வரும் பழமொழி. பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டாலும் சரி, அண்டை வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்தாலும் சரி, பெரியவர்களில் யாராவது ஒருவர் இந்த அஸ்திரத்தை எடுத்து விடாமல் இருப்பதில்லை. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்" என்று அதற்குப் பக்கபலமாக இன்னொரு பழமொழியும் தயாராக நிற்கிறது. இருபது வருஷங்களாக வகுப்பறையில் நின்று ஜீவனம் செய்கிறவன் என்ற முறையில், இந்த இரண்டின் பேரிலும் எனக்கு வெகு நாளைய வழக்கு ஒன்று உண்டு. மாடு படிவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அடிபட்ட பிள்ளை என்ன ஆகிறது என்பதைப் பற்றி இவை ஒன்றும் சொல்வதில்லை. ஆகையால் இந்த வாரம் மாட்டை விட்டுவிட்டுக் குதிரையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற உத்தேசித்திருக்கிறேன்.

வீட்டிலே அடியும் வசவும் பட்டு, அல்லது கண் முன்னே பயங்கரம் ஏதேனும் நடக்கக் கண்டு, மனம் காயப்பட்டுப் போன சிறுவர் சிறுமியரைக் குதிரைகளின் துணை கொண்டு தேற்றும் முறை ஒன்று அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களில் பரவியிருக்கிறது. கேட்டவுடன் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றே தோன்றும். ஆனால் அதற்குள்ளே புகுந்து பார்த்தால், குதிரையே இல்லாத வீட்டுக்கும் வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

முதலில் குதிரையின் சுபாவத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். "குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு வைக்கவில்லை" என்பார்கள். அதை முரட்டுப் பிராணி என்று எண்ணியவர்கள் சொன்ன வார்த்தை இது. உண்மையில் குதிரை பயந்த பிராணி. ஆதி காலம் முதல் ஓநாய்க்கும் சிங்கத்துக்கும் இரையாகி வந்த இனம் அது. எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதே அதன் வித்தை. அதற்கேற்றபடிதான் அதன் தேகமும் அமைந்திருக்கிறது. தலையின் இரு பக்கங்களிலும் உள்ள கண்களால் அது ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டுமே அதற்குப் பார்வை எட்டாது. இரண்டு காதுகளையும் தனித்தனியே வேண்டிய திசையில் திருப்பிக் கொள்ளும். மந்தையில் ஒரு குதிரை திடுக்கிட்டுத் தலையை உயர்த்தினால் போதும், மற்றவையும் உயர்த்திவிடும். 400, 500 கிலோ எடையுள்ள அந்தப் பெரிய சரீரம், காற்றில் பறந்து வரும் ஒரு காகிதத் துண்டுக்கு நடுங்குகிறது.

பயந்த பிராணி எப்பொழுதும் பிறரைக் கவனித்துக் கொண்டிருக்கும். குதிரை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்குப் பெயர்போன திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லின் நகரத்தில் வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித உபாத்தியாயர் இருந்தார். அவர் தம் குதிரையாகிய ஹான்ஸுக்குக் கணக்குக் கற்றுக் கொடுத்துவிட்டதாக நம்பினார். (உபாத்தியாயர்களுக்கு ஓய்வு கிடைத்தாலும் கற்பிக்கும் வியாதி போவதில்லை!) "மூன்றும் நாலும் எத்தனை?" என்று கேட்டால், ஹான்ஸ் குளம்பால் தரையை ஏழு முறை தட்டும். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. 1904-இல் பண்டிதர்கள் அடங்கிய குழு ஒன்று வந்து சோதித்து, இதில் மோசடி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

பிறகு ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் கண்ணால் காண முடியாதபடி மறைத்துவிட்டாலும் தெரியவில்லை. ரகசியம் வெளிப்பட்டது. கேட்பவர் குளம்பைக் கவனிப்பதற்காகத் தம்மை அறியாமல் தலையை ஒரு நூலளவு தாழ்த்துகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும், அவருடைய உடம்பின் இறுக்கம் தளர்ந்து தலை மயிரிழை நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. 1907-இல் ஃபுங்ஸ்ட் இந்த முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். குதிரைக்குக் கணிதம் தெரியாது என்று ஊரார் சிரித்தார்கள். ஆனால் சிரிக்க வேண்டிய விஷயமா இது? பண்டிதர்கள் குழுவின் கண்ணுக்கும் படாத மனித அசைவுகளை ஒரு குதிரை படித்துவிட்டது! மனிதன் தானே அறியாமல் வெளியிடும் சைகைகளை அது அறிந்து கொண்டது. 2016-இல் இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையார் செய்த பரிசோதனையிலும், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு விரைந்தது என்று கண்டார்கள்.

இனி, அடிபட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் வீட்டுக்குத் திரும்பும்போது செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கண்டுபிடித்துவிடும் குழந்தை அது. கதவு படீரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் துள்ளி விலகும். வகுப்பில் இப்படி ஒரு பையனைக் காணும்போது, "கவனமே இல்லை" என்று நாம் குறிப்பு எழுதுகிறோம். உண்மையில் அவனுக்கு இருப்பது அளவுக்கு மிஞ்சிய கவனம். கரும்பலகையின் மேல் வைக்க வேண்டிய கவனம் முழுவதையும் அவன் வாசற்படியின் மேல் வைத்திருக்கிறான். குதிரைக்குக் காது எப்படியோ, அவனுக்குத் தேகம் முழுவதும் அப்படி.

இப்படிப்பட்ட பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஒரு பெரியவர் அமர்ந்து, "உனக்கு என்ன நேர்ந்தது? பயப்படாமல் சொல்லு" என்று கேட்டால் அவன் வாய் திறப்பானா? பெரியவர்களிடம்தான் அவனுக்குப் பயமே! வார்த்தைகளோ அவனிடம் இல்லை. இருந்தாலும் அவற்றை நம்பி வெளியே விட அவன் தயாராக இல்லை. இந்த இடத்தில்தான் குதிரை வந்து சேர்கிறது.

குதிரையின் முதுகு வைத்தியம் செய்யும் என்ற எண்ணம் உலகத்தில் வேரூன்றியதற்கு டென்மார்க் தேசத்து வீராங்கனை லிஸ் ஹார்டெல் பெரிய காரணம். 1944-இல் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களைப் பறித்தது. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. குதிரை மேல் ஏறவும் இறங்கவும் பிறர் கைகொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில், குதிரையை நடை பழக்கிக் காட்டும் போட்டியில், ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். தங்கம் பெற்ற ஸ்வீடன் வீரர் அவரைக் கைபிடித்து மேடையில் ஏற்றிய காட்சி பலர் உள்ளத்தைத் தொட்டது. 1956-இல் மறுபடியும் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1969-இல் இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் உடற்குறை உள்ளவர்களுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கச் சங்கங்கள் ஏற்பட்டன. உடம்பைத் தேற்றப் புறப்பட்டவர்கள், கூடவே மனமும் தேறி வருவதைக் கண்டார்கள். 1999-இல் மனக்காயத்துக்கென்றே அமெரிக்காவில் 'ஈகாலா' என்ற ஸ்தாபனம் தோன்றியது. அதன் முறைப்படி குதிரை மேல் யாரும் ஏறுவதே இல்லை! தரையில் நின்றபடியே எல்லாம் நடக்கும். மனோதத்துவம் அறிந்த ஒருவரும் குதிரையின் சுபாவம் அறிந்த ஒருவரும் கூடவே இருப்பார்கள்.

அங்கே என்னதான் நடக்கிறது? வேலி சூழ்ந்த ஒரு மைதானம். உள்ளே கயிறு கட்டாத ஒரு குதிரை. பையனிடம் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்கிறார்கள்: "அதை அந்த மூலைக்கு அழைத்துக் கொண்டு போ." பையன் விறுவிறு என்று போய்க் கையை வீசுகிறான், குதிரை ஓடிவிடுகிறது. கத்துகிறான், இன்னும் தூரப் போய்விடுகிறது. அது அவனைத் திட்டுவதில்லை, பழி வாங்குவதில்லை, மேலதிகாரியிடம் புகார் எழுதுவதுமில்லை. விலகி நிற்கிறது, அவ்வளவுதான். பையன் சலித்துப் போய்ப் பெருமூச்சு விட்டு, தோள்களைத் தளர்த்தி நிற்கிறான். குதிரை காதை அவன் பக்கம் திருப்புகிறது. தலையைத் தாழ்த்துகிறது. ஓர் அடி எடுத்து வைக்கிறது. தன் உள்ளத்தின் கொந்தளிப்பு வெளியே தெரியும் என்பதையும், அது அடங்கினால் உலகம் கிட்டே வரும் என்பதையும் அந்தப் பையன் உபதேசமே இல்லாமல் தெரிந்து கொள்கிறான். அதன் பிறகு, "குதிரை ஏன் விலகிப் போயிற்று என்று நினைக்கிறாய்?" என்று கூட இருப்பவர் கேட்கலாம். "அதற்குப் பயம்" என்பான் பையன். "எதைக் கண்டு பயம்?" பையன் பதில் சொல்லத் தொடங்கும்போது பெரும்பாலும் குதிரையைப் பற்றியா, தன்னைப் பற்றியா பேசுகிறோம் என்பது அவனுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டபோது வராத வார்த்தை இங்கே வருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குதிரையை நகரச் செய்ய அதன் தோளில் விரலால் இலேசாக அழுத்துவார்கள். அது ஓர் அடி நகர்ந்ததும், அந்தக் கணமே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். அழுத்தத்தை எடுப்பதுதான் பரிசு. அதிலிருந்துதான் குதிரை கற்றுக் கொள்கிறது. நகர்ந்த பிறகும் அழுத்திக் கொண்டே இருந்தால், எதற்காக நகர்ந்தோம் என்று அதற்குத் தெரியாது. இதைப் படித்தபோது பெற்றோர்களையும் உபாத்தியாயர்களையும் நினைத்துக் கொண்டேன். பையன் மன்னிப்புக் கேட்ட பிறகும் அரை மணி நேரம் நாம் பிரசங்கம் செய்கிறோம் அல்லவா?

இந்த முறைக்கெல்லாம் ஓர் உயிருள்ள சாட்சியாக பக் பிரானமன் என்பவரைச் சொல்லலாம். 1962-இல் பிறந்த அமெரிக்கர். சிறு வயதிலேயே கயிற்று வித்தையில் தேர்ந்து, அண்ணனுடன் மேடைகளில் வித்தை காட்டியவர். ஊரார் கைதட்டினார்கள், வீட்டிலே தகப்பனார் அடித்தார். தாயார் காலமான பிறகு அடிக்கு அளவே இல்லாமற் போயிற்று. பள்ளியில் பந்தாட்டம் பழக்கிய ஆசிரியர் ஒரு நாள் பையனுடைய முதுகில் இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. விஷயம் அதிகாரிகளுக்கு எட்டியது. சகோதரர்கள் இருவரும் மான்டானா மாகாணத்தில் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதியின் பராமரிப்பில் விடப்பட்டார்கள்.

வளர்ப்புத் தந்தை என்ன செய்தார் தெரியுமா? பையனை உட்கார வைத்து விசாரிக்கவில்லை. ஒரு ஜோடி தோல் கையுறைகளைக் கொடுத்து, வேலி செப்பனிடும் வேலைக்குக் கூட அழைத்துப் போனார். பல வருஷங்களுக்குப் பிறகும் பிரானமன் அந்தக் கையுறைகளைப் பற்றிப் பேசுகிறார். பையனுக்கு வேண்டியிருந்தது அனுதாபப் பேச்சு அல்ல. பயமில்லாமல் பக்கத்தில் நின்று வேலை செய்யக் கூடிய ஒரு பெரியவர். அது கிடைத்தது.

பிற்காலத்தில் ரே ஹன்ட், டாம் டாரன்ஸ் என்ற பெரியவர்களின் வழியைப் பின்பற்றி, அவர் குதிரை பழக்குவதில் நிபுணரானார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் புதுக் குதிரையைப் பழக்குவதற்கு 'முறிப்பது' என்றே பெயர். கட்டிப் போட்டு, களைக்க வைத்து, அதன் பிடிவாதம் முறியும் வரை சவாரி செய்வார்கள். "அடியாத மாடு படியாது" அங்கேயும் உண்டு என்று தெரிகிறதல்லவா? பிரானமன் வேறு வழியில் போனார். பயந்து போன குதிரையைக் காணும்போது அதன் மனநிலை அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இல்லை. நிக்கலஸ் எவான்ஸ் 1995-இல் எழுதிப் புகழ்பெற்ற நாவலில் வரும் குதிரைக்காரருக்கு அவர் ஒரு முன்மாதிரி. 1998-இல் அது சினிமாவாக வந்தபோது கூட இருந்து உதவினார். 2011-இல் அவருடைய வாழ்க்கையே 'பக்' என்ற உண்மைப் படமாக வெளிவந்தது.

"அப்படியானால் அன்பு ஒன்றே போதும், கண்டிப்பே வேண்டாம் என்கிறீரா?" என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது. பிறக்கும்போதே தாயை இழந்து, மூச்சுத் திணறிப் பிழைத்த ஓர் ஆண் குதிரைக் குட்டி. எஜமானி அதைச் செல்லமாகத் தாமே பாலூட்டி வளர்த்தார். எல்லை என்ன என்பதை மட்டும் யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வளர்ந்ததும் அது மனிதர் மேல் பாய்ந்து கடிக்கத் தொடங்கியது. படத்திலேயே ஓர் ஆளின் தலையைக் கடித்துக் குதறிவிடுகிறது. கடைசியில் அதைக் கருணைக் கொலை செய்வதென்று தீர்மானிக்கிறார்கள். பிரானமன் அந்தக் குதிரையைக் குற்றம் சொல்லவில்லை. அதை அப்படி விட்ட மனிதர்களைத்தான் சொன்னார். அடி ஒரு விதத்தில் கெடுத்தால், எல்லையில்லாத செல்லம் இன்னொரு விதத்தில் கெடுக்கிறது. அஞ்சிய உயிருக்கு உறுதியும் வேண்டும், சாந்தமும் வேண்டும். கோபம் கலவாத உறுதி என்பது நம்மில் அநேகர் அறியாத சரக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு, தராசை நேராகப் பிடிக்க வேண்டியது என் கடமை. குதிரை சஞ்சீவி மூலிகை அல்ல. 2014-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாண சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், 5 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை 11 வாரம், வாரத்துக்கு 90 நிமிஷம் குதிரைகளுடன் பழகவிட்டார்கள். மனக்கலக்கத்தின்போது உடம்பில் மிகும் கார்டிசால் என்னும் சுரப்பை உமிழ்நீரில் அளந்து பார்த்ததில், பழகிய பிள்ளைகளிடம் அது குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் பெரும் துன்பத்துக்கு ஆளானவர்கள் அல்லர். கொலம்பியா சர்வகலாசாலையார் போரில் மனம் நொந்த முன்னாள் சிப்பாய்கள் 63 பேருக்கு 8 வாரம் இதே போன்ற சிகிச்சை அளித்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல குணம் தெரிந்ததாக 2021-இல் வெளியிட்டார்கள். அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. ஆகவே இது பழுத்த சாஸ்திரம் அல்ல. நம்பிக்கை தரும் முளை. தேர்ந்த மனநல வைத்தியருக்கு இது துணையாகலாமே தவிர, மாற்று ஆகாது. தலைக்கவசமும் பழகிய ஆளும் இல்லாமல், காயப்பட்ட பிள்ளையைக் குதிரையின் அருகே விடுவது பெருந்தவறு. குதிரைக்கும் களைப்பு உண்டு, வலி உண்டு. நம் துயரத்தையெல்லாம் சுமக்க அதற்கும் ஓர் அளவு உண்டு.

நம் தெருவில் குதிரைக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். குதிரை அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். அது கேள்வி கேட்டுத் துளைக்கவில்லை. அவனுடைய பழைய கதையைத் தெரிந்து கொண்டு அவனை இரக்கத்தோடு பார்க்கவில்லை. நேற்று எரிந்து விழுந்தான் என்பதற்காக இன்று முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை. அவன் அமைதியானால் அருகில் வந்தது. அமைதி குலைந்தால் விலகி நின்றது. திரும்ப அமைதியானால் திரும்ப வந்தது. இந்த நிச்சயம்தான் அவனுக்கு வீட்டில் கிடைக்காதது. குதிரை கொடுக்கும் இந்தப் பொருளை மனிதர் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை.

சட்டம் தடை விதித்திருப்பது வேறொன்றுக்கு. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் விலக்கியிருக்கிறது. பிரம்பைப் பரண் மேல் போட்டாகிவிட்டது. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, வகுப்பின் கடைசி பெஞ்சியிலோ, வாசல் பக்கமே பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். முதுகில் தழும்பைக் கண்டால், அந்தப் பந்தாட்ட ஆசிரியரைப் போலச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். மற்றபடி அவனைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். செடிக்குத் தண்ணீர் விடும்போதோ, சைக்கிளுக்கு எண்ணெய் போடும்போதோ, "கொஞ்சம் பிடித்துக் கொள்கிறாயா, தம்பி?" என்று கூப்பிடுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில், அதே குரலில் கூப்பிடுங்கள். அவன் முதல் நாள் வரமாட்டான். இரண்டாம் நாளும் வரமாட்டான். குதிரைக்காரர்கள் பொறுத்திருக்கிறார்கள்; நாமும் பொறுத்திருக்கலாம்.